பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம்: துடைத்தும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வந்து, லண்டன் ஹாரோ பகுதியில் இரண்டு படுக்கையறை கொண்ட பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். குளிர் தொடங்கியதும் படுக்கையறை மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள் கிளம்பிவிட்டன. ப்ளீச் தெளித்துத் துடைத்தால் இரண்டே வாரத்தில் மறுபடியும் வருகிறது. பட்டுப் புடவைகளிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நான்கு வயது மகனுக்கு இரவில் இருமல். ஏஜென்டிடம் சொன்னால், "உங்கள் சமையலும் வீட்டுக்குள் துணி காயப்போடுவதும்தான் காரணம்" என்கிறார். அது சரியா? கவுன்சிலில் புகார் செய்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: அன்புள்ள சகோதரி, ஏஜென்ட் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு முழுப் பழியையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. வீடுகளில் ஓதம், அதாவது சுவரில் பிடிக்கும் ஈரம், பார்ப்பதே என் தொழில். புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் இந்தப் பதிலைக் கேட்டுக் கூனிக் குறுகி, வாய்மூடி இருந்துவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. உங்கள் வீடு அழுக்காக இருப்பதால் பூஞ்சணம் வரவில்லை. சுவர் குளிர்ந்து கிடக்கிறது, வீட்டுக்குள் உண்டாகும் நீராவிக்கு வெளியேற வழியில்லை. இந்த இரண்டும் மாறாதவரை எந்த ப்ளீச்சும் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது.

கோடையில் குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் படுக்கையறைச் சுவரிலும் அதுதான் நடக்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால், 13 டிகிரி அளவில் இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கோக்கத் தொடங்கும். பூஞ்சணத்துக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. சுவர் 16 டிகிரி அளவுக்கு இறங்கி, நாள்கணக்கில் அப்படியே இருந்தால் போதும். லண்டனின் பழைய வீடுகள் பலவற்றில் வெளிச்சுவர் முழுச் செங்கல் சுவர். நடுவே இடைவெளியும் கிடையாது, வெப்பம் காக்கும் அடுக்கும் கிடையாது. வெளியே பூஜ்யம் டிகிரி என்றால் உள்பரப்பு 14, 15 டிகிரிக்கு வந்துவிடும். அதன்மேல் பீரோவை ஒட்டி வைத்தால் அறையின் சூடு சுவரை எட்டாது, காற்றும் ஓடாது. அங்கே இன்னும் சில டிகிரி குறையும். பூஞ்சணம் அறை நடுவில் வராமல் மூலையிலும் பீரோவின் முதுகிலும் ஒளிந்து வளர்வது இதனால்தான்.

நம் ஊர்ப் பழக்கம் இங்கே நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவோம். ஈரம் உள்ளே வரும் என்ற கணக்கு தஞ்சாவூரில் சரி. லண்டன் குளிர்காலத்தில் அந்தக் கணக்கு தலைகீழ். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும்; 5 டிகிரியில் ஏறத்தாழ 7 கிராம்தான். தூறிக்கொண்டிருக்கும் 5 டிகிரிக் காற்றை உள்ளே விட்டுச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 35, 40 சதவீதமாக இறங்கிவிடும். வெளியே நசநசவென்று தெரியும் காற்று, உள்ளே வந்ததும் வீட்டை உலர்த்தும் காற்றாகிவிடுகிறது. அதனால் காலையில் எழுந்ததும், மாலையில் சமையல் முடிந்ததும், எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்து வையுங்கள். அந்த நேரத்தில் காற்று மாறுமே தவிர, சுவர் குளிர்ந்துவிடாது. ஜன்னல் சட்டத்தின் மேல்பகுதியில் நீளமாக ஒரு சிறு காற்றுத் துவாரம் இருந்தால் அதை எப்போதும் திறந்தே வையுங்கள். குளிருக்குப் பயந்து அதை டேப் போட்டு ஒட்டிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி ஏஜென்ட் சொன்ன சமையல். நான்கு பேர் கொண்ட குடும்பம் சமையல், குளியல், துணி, மூச்சு என்று ஒரு நாளில் 10 லிட்டர் வரை நீரைக் காற்றில் கலக்க முடியும். ஒரு மெஷின் துணியை அறைக்குள் காயப்போட்டால் அதிலிருந்து மட்டும் சுமார் 2 லிட்டர். சோறு வடிப்பதிலும் இட்லி அவிப்பதிலும் ஆவி கூடத்தான் செய்யும். கேஸ் அடுப்பு எரிவதே நீராவியை உண்டாக்கும். அதற்காக இட்லியைக் கைவிட வேண்டாம். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள், ஃபேனைப் போடுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் கால்மணி நேரம் ஓடட்டும்.

அந்த ஃபேன் உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு ஒற்றைத் தாள் டிஷ்யூவை ஃபேனின் கம்பித் தட்டில் வைத்துக் கையை எடுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது. விழுந்தால் சத்தம் மட்டும்தான் போடுகிறது. அடுப்புக்கு மேலே உள்ள ஹூட் பல வீடுகளில் வெளியே குழாயே இல்லாமல், காற்றை வடிகட்டி மறுபடி அறைக்குள்ளேயே விடும் வகையைச் சேர்ந்தது. அது எண்ணெய்ப் புகையைக் கொஞ்சம் பிடிக்கும். ஆவியில் ஒரு சொட்டைக்கூடக் குறைக்காது. வெளியே போகும் வழி இருக்கிறதா என்று வீட்டின் வெளிச்சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லையென்றால் அது உங்கள் சமையலின் குற்றமாகாது. குளியலறை ஃபேனுக்கும் இதே சோதனைதான்.

துணிக்கு, வெளியே காய வைக்க இடமில்லாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். குளியலறையில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, ஃபேனை ஓட விடுங்கள். ரேடியேட்டர் மேல் விரிக்காதீர்கள். ஆவியை விரைவாகக் கிளப்புவதோடு அறையின் சூட்டையும் அது மறைக்கும். முடிந்தால் டிஹியூமிடிஃபையர், அதாவது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மெஷின், ஒன்று வாங்குங்கள். கம்ப்ரஸர் வகை சூடான அறையில் சிக்கனம். குளிர்ந்த அறையில், ஈரத்தை உறிஞ்சும் பொருள் கொண்ட டெசிகன்ட் வகைதான் நன்றாக இழுக்கும். 200 வாட் மெஷின் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம். டம்பிள் டிரையருக்கு ஆவதைவிட மிகக் குறைவு. பத்து பவுண்டு அளவில் ஈரப்பதமானி கிடைக்கும். அதை முதலில் வாங்குங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 70-க்கு மேலேயே நின்றால் பூஞ்சணம் வந்தே தீரும்.

ஹீட்டரைக் கூட்டிக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்க எல்லோருக்கும் ஆசைதான், கட்டணம் அப்படி. ஆனால் ஒரு அறையை மட்டும் சூடே இல்லாமல் விட்டு, கதவையும் திறந்து வைத்தால், சமையலறை ஆவி முழுவதும் அந்தக் குளிர்ந்த அறையைத் தேடிப் போய்ப் படியும். பெரும்பாலும் அது குழந்தை தூங்கும் சின்ன அறையாக இருக்கும். எல்லா அறையையும் 18 டிகிரி அளவில் சீராக வைப்பது, மாலையில் ஒரு மணி நேரம் கொதிக்க விடுவதைவிட நல்லது. சிலிண்டரில் எரியும் நகர்த்தும் ஹீட்டர் மட்டும் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீர் வீட்டுக்குள் வரும்.

இதெல்லாம் நீராவி குளிர்ந்து படிவதால் வரும் ஓதத்துக்கு. உங்களுடையது அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சுவரை உலரத் துடைத்து, ஓரடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஆவிதான் காரணம். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. மழைக்குப் பின் கறை பெரிதாகிறது என்றால் கூரையோரத்து மழைநீர் வடிகால், கூரை ஓடு, செங்கல் இடைக்கலவை ஆகியவற்றில் எங்கோ கோளாறு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கோடு போட்டதுபோல் கறையும் உப்புப் பூப்பும் இருந்தால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. இவை மூன்றும் முழுக்க வீட்டுக்காரர் சரி செய்ய வேண்டியவை. நீங்கள் ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் மாறாது.

இப்போது உள்ளதைச் சுத்தம் செய்வது. கறை ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் என்றால் ஆள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. மகனை வேறு அறைக்கு அனுப்பி, கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, கையுறையும் நுண்துகளைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 மாஸ்க்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, பூஞ்சணக்கொல்லித் திரவத்தால் ஈரத்துணி கொண்டு துடையுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்துகள் அறை முழுவதும் பறக்கும். ப்ளீச்சோடு வினிகரையோ அம்மோனியா கலந்த கிளீனரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பூஞ்சணத்தின்மேல் பெயின்ட் அடிப்பது வீண் வேலை. பீரோவைச் சுவரிலிருந்து கையளவு தள்ளி வையுங்கள். உள்சுவருக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. புடவைகளை ஒரு உலர்ந்த நாளில் வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷ்ஷால் தட்டி, டிரை கிளீனிங் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் போடாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

மகன் இருமலைத் தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்கே அவன் கட்டிலை வெளிச்சுவரை விட்டு நகர்த்துங்கள். இருமலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் பூஞ்சணம் இருப்பதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அவன் பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். முதலில் புகார் செய்தபோது மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள். குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தாங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டது தவறு என்று வீட்டு நிர்வாகம் பின்னால் ஒப்புக்கொண்டது. உங்கள் ஏஜென்டின் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு அந்தக் குழந்தைதான் காரணம்.

அவன் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் கவுன்சிலும், லாப நோக்கமில்லாமல் வீடு வாடகைக்கு விடும் ஹவுசிங் அசோசியேஷன்களும் தரும் வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது: கடுமையான ஓதமும் பூஞ்சணமும் பற்றித் தெரிந்ததும் 10 வேலை நாளில் ஆய்வு, ஆய்வு முடிந்து 5 வேலை நாளில் பாதுகாப்பு நடவடிக்கை, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியாகப் பெரிய ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை. தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை நீட்டிக்கும் அதிகாரம் 2025-ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதுவரை நீங்கள் கையற்று நிற்கவில்லை. 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீடு குடித்தனக் காலம் முழுவதும் மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஓதமும் அந்தக் கணக்கில் உண்டு. சமைப்பதும் துவைப்பதும் வாழ்வதுதானே.

ஏஜென்டுக்குப் போனில் சொன்னது போதாது. தேதியோடு படங்கள், ஒரு வாரத்து ஈரப்பத அளவுகள், டிஷ்யூ விழும் வீடியோ, மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஏஜென்டுக்கும் வீட்டுக்காரருக்கும் ஈமெயில் அனுப்புங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். பாக்கியைக் காரணம் காட்டி வீட்டைக் காலி செய்ய வழக்குப் போட அது வழி விடும். காரணமே சொல்லாமல் வெளியேற்றும் பழைய நோட்டீஸ் முறை 2026 மே 1 முதல் தனியார் வாடகைக்கு இல்லை.

விசா பயம் வேண்டாம். கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை வீட்டை வந்து பார்க்கச் சொல்வது அரசு உதவித்தொகை பெறுவதாகாது. அரசு உதவித்தொகை பெறக் கூடாது என்று உங்கள் விசாவில் தடை இருந்தாலும் அது இதைத் தொடாது. அவர்கள் ஆய்வில் ஆபத்து முதல் வகையை, அதாவது மிகக் கடுமையான வகையைச் சேர்ந்தது என்று முடிவானால், வீட்டுக்காரர் மீது நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை. ஈமெயில் போன நாளிலிருந்து இரண்டு வாரம் பாருங்கள். ஆய்வுக்குத் தேதி குறிக்காமல் இழுத்தடித்தால் அதே ஈமெயிலையும் படங்களையும் கவுன்சிலுக்கு அனுப்பிவிடுங்கள். மகனின் வயதையும் இருமலையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.