சிலிண்டர் காலியில்லை, பியூட்டேன் உறைபனியில் வேலை செய்யாது

வணக்கம். வடக்கு நார்வேயின் ஆல்டா பக்கம் தனியாக மோட்டார்ஹோமில் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டியில்) போகும்போது விடியற்காலை மூன்று மணிக்கு ஹீட்டர் அணைந்துவிடுகிறது, சிலிண்டரோ கனமாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் அப்படியே நடந்தது. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புகிறது, அடுப்பில் சுடர் மட்டும் சுருங்கிச் சுருங்கிச் சாகிறது.

ஸ்பெயினில் நிரப்பியது என்கிறீர்களே, அது பெரும்பாலும் பியூட்டேன் வாயுவாக இருக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது, திரவமாகவே சிலிண்டரில் தங்கிவிடும். ப்ரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நார்வேயில் பொதுவாக விற்பது ப்ரோப்பேன்தான், ஆனால் உங்கள் ரெகுலேட்டர் அந்தச் சிலிண்டரில் பொருந்தாமல் போகலாம். பழைய இணைப்பைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், சரியான அடாப்டர் கேளுங்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். அடுப்பு எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனையே கிடையாது, தட்டி எழுப்பப் பக்கத்தில் ஆளும் இல்லை. அந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள். சிலிண்டர் வைக்கும் காஸ் பெட்டியின் அடியிலுள்ள காற்றுத் துளைகளையும் துணி வைத்து அடைக்க வேண்டாம். கசியும் வாயு காற்றைவிடக் கனம், அந்த வழியாகத்தான் வெளியேறும்.

இன்றிரவு மின் இணைப்புள்ள முகாமில் நிறுத்தி, மின்சார ஹீட்டரில் தூங்குங்கள். சிலிண்டர் மாற்றியதும் எப்படி இருந்தது என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.