லண்டன் ஃப்ரீவியூவில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சில சேனல்கள் காணவே இல்லை: டவர் கோளாறா, வீட்டுக் கோளாறா?

கேள்வியின் சுருக்கம் இது: ஃப்ரீவியூ (ஆன்டெனா வழியாக இங்கே இலவசமாக வரும் டிவி) பார்க்கிறோம், வடமேற்கு லண்டன் ஹாரோவில் வீடு, கூரையில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஆன்டெனா. கொஞ்ச நாளாக ஐடிவியும் சேனல் 4-உம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் விட்டுவிட்டு வருகிறது, பிபிசி மட்டும் ஒழுங்காக வருகிறது. ரீட்யூன் செய்து, அதாவது டிவியை முதலிலிருந்து சேனல் தேடவைத்துப் பார்த்ததில் அந்த இரண்டும் பட்டியலிலிருந்தே போய்விட்டன. டவரில் பிரச்சினையா, நம் வீட்டிலா?

அநேகமாக உங்கள் வீட்டில்தான். டவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போயிருக்கும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நான் இங்கே ஆன்டெனா மாட்டும், பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன், இந்த மாதிரிப் புகாரில் டவர் குற்றவாளியாக இருப்பது ரொம்ப அபூர்வம்.

இன்னொன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் உடையும் நேரத்தில் ரீட்யூன் செய்யாதீர்கள். பெரும்பாலான டிவிகள் ரீட்யூன் என்று அழுத்தியதும் இருக்கிற பட்டியலை அழித்துவிட்டுத்தான் புதிதாகத் தேடும், அந்த நேரத்தில் எந்த சிக்னல் நொண்டிக்கொண்டிருக்கிறதோ அது பட்டியலில் ஏறாது, அப்புறம் சிக்னல் தானாகச் சரியானாலும் டிவிக்கு அது தெரியாது. உங்களுக்கு நடந்தது இதுதான். சேனல் இடம் மாறினால்தான், அதாவது டவர்காரர்கள் அலைவரிசையை மாற்றினால்தான் ரீட்யூன் தேவை, சிக்னல் பலவீனத்துக்கு அது மருந்தே இல்லை. கடையில் கேட்டாலும், கஸ்டமர் கேரில் கேட்டாலும், சொந்தக்காரரைக் கேட்டாலும் எல்லோரும் முதலில் சொல்வது 'ரீட்யூன் பண்ணிப் பாருங்க' என்பதுதான், எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

சரி, பிபிசி வருகிறது, ஐடிவி வரவில்லை, அது எப்படி? இங்கே ஒவ்வொரு சேனலும் தனித்தனி அலைவரிசையில் வருவதில்லை. பல சேனல்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு அலைவரிசையில் அனுப்புகிறார்கள், அதுதான் மல்டிப்ளெக்ஸ். லண்டனுக்கான பெரிய டவர் தெற்கே கிரிஸ்டல் பேலஸில் இருக்கிறது, 219 மீட்டர் உயரம், ஹாரோவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து ஆறு மல்டிப்ளெக்ஸ் வருகின்றன, அவற்றின் யுஎச்எஃப் எண்கள், அதாவது டிவி அலைவரிசைகளுக்கு வைத்திருக்கும் எண்கள், 22, 23, 25, 26, 28, 30. ரிமோட்டில் அழுத்தும் எண் வேறு. பிபிசியின் சாதாரண சேனல்கள் 23-இல், ஐடிவி, சேனல் 4, சேனல் 5 மூன்றும் 26-இல், எச்டி சேனல்கள் 30-இல். மீதி மூன்றில் மற்ற வணிகச் சேனல்கள். ஆக, உங்கள் வீட்டில் போயிருப்பது இரண்டு சேனல் இல்லை, 26 என்ற மூட்டை. சேனல் 5-உம் சேர்ந்து போயிருக்கிறதா என்று பாருங்கள், போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு லாபம் இருக்கிறது. ஆறும் ஒன்றாகப் போனால் கேபிள் அறுந்திருக்கும், ஆன்டெனா திரும்பியிருக்கும், அல்லது சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டிக்கு மின்சாரம் போகாது (கூரைக்கு அடியில் இருக்கும் லாஃப்டில் சாமான் எடுக்கப் போனவர் பூஸ்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருவது நான் அடிக்கடி பார்க்கும் கதை). ஒன்றிரண்டு மட்டும் போனால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும்: கேபிளில் தண்ணீர், இணைப்பு தளர்வு, இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு சாதனம் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்புவது.

டிவியின் மெனுவில் சிக்னல் இன்ஃபர்மேஷன் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள். நம் ஆட்கள் ஸ்ட்ரெங்த்தை மட்டும் பார்த்து '90 சதவீதம் காட்டுதே' என்பார்கள். பார்க்க வேண்டியது குவாலிட்டியை. ஸ்ட்ரெங்த் அதிகம், குவாலிட்டி ஊசலாட்டம் என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் குப்பையோடு வருகிறது. இரண்டுமே குறைவு என்றால் ஆன்டெனாவும் கேபிளும். ஊரில் தூர்தர்ஷன் பார்த்த காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், இன்னும் குறைந்தால் இன்னும் புள்ளி, என்ன நடக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. பிழை திருத்தும் கணக்கு தாங்கும் வரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும், அந்த எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாக உடையும். அதனால் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருந்த கேபிளை 'நேற்று வரைக்கும் நல்லா இருந்தது' என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

போன மழைக்காலத்தில் வெம்பிளியில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா வாசலிலேயே, 'தம்பி, நேற்று வரைக்கும் வடிவா வந்தது, இண்டைக்கு ஒண்டையும் காணேல்லை' என்றார். கூரையில் ஏறும் முன்னால் டிவிக்குப் பின்னால் இருந்த சுவர் சாக்கெட்டைக் கழற்றினேன். கேபிள் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. 'குழாய் உடைஞ்சு போச்சோ?' என்று அவர் பதறிவிட்டார். குழாய் இல்லை. மேலே கம்பத்தில் கேபிளைக் கட்டியிருந்த இடத்தில் வெளி உறை வெயிலில் வெடித்திருந்தது, மழை உள்ளே இறங்கி, செம்புப் பின்னலைப் பிடித்துக்கொண்டே இரண்டு மாடி கீழே வந்து சாக்கெட்டில் சேர்ந்திருக்கிறது. உறையைக் கீறிப் பார்த்தால் பின்னல் முழுக்கக் கறுத்து, விரலில் பச்சைப் பொடி ஒட்டியது. இப்படி ஈரம் ஏறிய கேபிள் எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் விழுங்காது, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைத் தின்னும். உங்கள் வீட்டில் 23 வந்து 26 போவதற்கு என் முதல் சந்தேகமும் இதுதான், அதுவும் பழைய ஆன்டெனா என்று நீங்களே சொல்கிறீர்கள்.

அந்த வீட்டில் ஆன்டெனாவை மாற்றவே இல்லை, கேபிளை மட்டும்தான் மாற்றினேன். பழைய பழுப்பு நிறக் கேபிளில் ஒற்றைப் பின்னல்தான் இருக்கும், அதுவும் இடைவெளி விட்டு. செம்புத் தகடும் அதன் மேல் செம்புப் பின்னலும் உள்ள இரட்டைக் கவசக் கேபிள் வாங்குங்கள், டபிள்யூஎஃப்100 என்று கேட்டால் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் புரியும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்துக் கொண்டுபோனால் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ஓட்டைக்குள் போகாது. ஆன்டெனாவில் கேபிள் சேரும் பெட்டியின் மூடி ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரையில் நீங்கள் ஏற வேண்டாம், தயவுசெய்து. லாஃப்ட் வரைக்கும் போதும்.

கூரைக்கு ஆளைக் கூப்பிடும் முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. நம் வீடுகளில் டிவிக்குப் பின்னால் ஒரு காடே இருக்கும்: தமிழ்ச் சேனலுக்கு ஒரு பெட்டி, ஃபயர் ஸ்டிக், அதற்கு ஒரு எச்டிஎம்ஐ நீட்டிப்பு, வைஃபை ரவுட்டர், எல்லாம் ஆன்டெனா வயரோடு பின்னிக்கொண்டு. மலிவான எச்டிஎம்ஐ கேபிள் யுஎச்எஃப் அலைவரிசையில் கசியும், மலிவான எல்இடி பல்பும் அப்படித்தான், அது ஒரே ஒரு மூட்டையைக் குறிவைத்து அடிப்பதும் உண்டு. எல்லாப் பெட்டியையும் பிளக்கோடு கழற்றிவிட்டு 26-இன் குவாலிட்டியைப் பாருங்கள். ஏறினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி எது என்று கண்டுபிடிக்கலாம். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும் நொடியில் மட்டும் படம் துள்ளினால் அது வேறு வகை, அங்கேயும் நல்ல கவசமுள்ள வயர்தான் வழி.

பூஸ்டர் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். வாங்காதீர்கள். அது நல்ல சிக்னலையும் கெட்டதையும் சேர்த்தேதான் பெருக்கும், ஈரக் கேபிளின் முடிவில் மாட்டினால் இரைச்சல்தான் பெரிதாகும். கிரிஸ்டல் பேலஸ் ஒவ்வொரு மல்டிப்ளெக்ஸையும் 200 கிலோவாட்டில் அனுப்புகிறது. டவருக்குப் பக்கத்தில், நார்வுட், சிடன்ஹாம் பக்கமெல்லாம், சிக்னல் அதிகமாகி டிவி திணறும் வீடுகள் உண்டு, அங்கே பூஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் என்ற சின்னத் துண்டை மாட்டினால் எல்லாச் சேனலும் வந்துவிடும், சில பவுண்ட்தான்.

இதோடு மொபைல் டவர்களும் சேர்ந்துகொண்டன. முன்பு டிவிக்கு யுஎச்எஃப் 68 வரை இடம் இருந்தது. மேல் பகுதியை 4ஜிக்குக் கொடுத்தார்கள், பிறகு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியையும் 2020-க்குள் காலி செய்து 5ஜிக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது டிவிக்கு 21 முதல் 48 வரைதான். ஆனால் பழைய பூஸ்டருக்கு இது தெரியுமா? அது இன்னமும் பழைய அளவையே பிடித்து, பக்கத்துத் தெரு மொபைல் டவரையும் உள்ளே இழுத்துப் பெருக்கி, டிவியை நிரப்பிவிடும். அப்படிப் பாதிக்கப்பட்ட ஃப்ரீவியூ வீடுகளுக்கு ரிஸ்டோர் டிவி என்ற அமைப்பு மொபைல் சிக்னலைத் தடுக்கும் ஃபில்டரை இலவசமாக அனுப்புகிறது, மொபைல் கம்பெனிகளின் செலவில். அதன் அட்டை உங்கள் கதவு வழியாக வந்திருந்தால் விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

வானிலையும் ஒரு காரணம்தான், ஆனால் அது வந்துபோகும். உயர் அழுத்தம் நிலைத்து நிற்கும் நாட்களில், கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று என்று அடுக்கு விழுந்துவிட்டால், டவர் சிக்னல் வளைந்து வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். கடலுக்கு அந்தப் பக்கம் பெல்ஜியம், நெதர்லாந்து டவர்கள் அதே அலைவரிசையில் அனுப்புவது இங்கே தென்கிழக்குக் கடற்கரை வரை வந்து நம் சிக்னலோடு மோதும். நம்மவர்களுக்கு இது புதிதே இல்லை. 80-களில் தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரை ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினி பார்த்தார்கள், யாழ்ப்பாணத்தில் உயரமான கம்பம் நட்டு கொடைக்கானல் தூர்தர்ஷனைப் பார்த்தார்கள், அதில் சில நாள் தெளிவாகவும் சில நாள் ஒன்றுமே இல்லாமலும் போனதற்குக் கடல் மேல் நின்ற காற்றடுக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கு அது அதிர்ஷ்டம், இன்றைக்கு இடைஞ்சல். அந்த நாட்களில் ரீட்யூன் செய்தால் இன்னும் மோசம், பக்கத்துப் பிராந்திய டவர் ஏறிக்கொண்டு உங்களுக்கு லண்டன் செய்திக்குப் பதில் கிழக்கு இங்கிலாந்து செய்தி வரும், உண்மையான லண்டன் சேனல் 800-க்கு மேற்பட்ட எண்களில் எங்கேயாவது போய்க் கிடக்கும். பேசாமல் ஓரிரு நாள் விட்டுவிடுங்கள்.

டவரே போன கதையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 10 அன்று வடக்கு யார்க்‌ஷயரில் பில்ஸ்டேல் என்ற 314 மீட்டர் டவரில் தீப்பிடித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் டிவி போய்விட்டது. டவர் இனித் தாங்காது என்று அக்டோபரில் வெடி வைத்துச் சாய்த்தார்கள், 80 மீட்டர் தற்காலிக டவர் ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள், நிரந்தர டவர் வர 2023 ஆகிவிட்டது. டவர் கோளாறு என்றால் அப்படித்தான் இருக்கும், ஊரே பேசும். பராமரிப்பு வேலை நடந்தாலும் ஃப்ரீவியூ தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் காட்டிவிடும், அதே இடத்தில் உங்கள் முகவரிக்கு எந்த டவர், எந்த எண்கள் என்பதும் கிடைக்கும்.

எதிரில் புதிதாக அடுக்குமாடி எழும்பியிருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். இதில் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. கிழக்கு லண்டனில் கேனரி வார்ஃப் கோபுரம், 235 மீட்டர், உலோகப் போர்வையோடு எழுந்தபோது அதன் நிழலில் விழுந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு டிவி தெரியாமல் போனது. வழக்கு அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 1997-இல், கட்டடம் குறுக்கே நிற்பதால் டிவி தெரியவில்லை என்பதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்று தீர்ப்பானது. ஆறுதல் என்னவென்றால், டிஜிட்டலில் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் முன்பு போல நிழல் படம் போடாது, 8 கிலோமீட்டர் வரை சுற்றி வந்தாலும் டிவி அதைச் சமாளித்துக்கொள்ளும். மறைத்தால்தான் பிரச்சினை. ஆன்டெனாவைக் கம்பத்தில் கொஞ்சம் நகர்த்தினாலே சில நேரம் தீரும்.

உங்கள் விஷயத்தில் வரிசை இப்படிப் போகட்டும்: பெட்டிகளைக் கழற்றிப் பாருங்கள், சுவர் சாக்கெட்டிலிருந்து டிவிக்குப் போகும் குட்டி வயரை மாற்றிப் பாருங்கள், சாக்கெட்டைத் திறந்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். பிறகு மேனுவல் ட்யூனிங்கில் 26 என்று கொடுத்து அந்த ஒன்றை மட்டும் சேருங்கள், முழு ரீட்யூன் வேண்டாம். அதற்கும் அசையவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள், வருபவரிடம் சிக்னல் அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள், மீட்டர் இல்லாமல் வந்து கூரையைப் பார்த்ததுமே 'ஆன்டெனா முழுக்க மாத்தணும்' என்பவரை அனுப்பிவிடலாம்.

எல்லாம் இன்டர்நெட்டுக்குப் போகிற காலத்தில் இதற்குச் செலவு செய்ய வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மல்டிப்ளெக்ஸ் உரிமங்கள் 2034 வரை இருக்கின்றன. கேபிள் மாற்றுவது ஒரு முறைச் செலவு, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ரிமோட்டில் 3 அழுத்தினால் ஐடிவி வரும் வசதிக்கே அது தகும். வாடகை ஃபிளாட் என்றால் நீங்கள் ஒரு பென்னிகூடச் செலவு செய்யாதீர்கள், கூரையில் பொது ஆன்டெனா இருந்தால் அது கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு, மற்ற வீடுகளிலும் 26 போயிருக்கிறதா என்று கேட்டு எல்லோரும் சேர்ந்து ஈமெயில் அனுப்புங்கள்.