பேசாத படத்தில் கதை எப்படிப் புரிந்தது?

மதுரையில் ஊமைப் படம் பார்த்த உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அப்புறம் எப்படிக் கதை புரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நன்றாகவே புரிந்திருக்கும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, வருவது யார், என்ன பேசுகிறார் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். திரையில் எழுத்து அட்டை வந்தால் வாசித்துக் காட்டுவார். சண்டை வந்தால் அவர் குரலும் ஏறும். கூடவே ஆர்மோனியம், தபேலா.

கதையும் புதிதில்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான கீசக வதம் பாரதக் கதைதான். கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் அதைக் கேட்டு வளர்ந்த நம் பக்கத்துச் சனத்துக்கு, பீமன் எப்போது வருவான் என்று முன்கூட்டியே தெரியும்.

1905இல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். புரொஜெக்டரைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஆபரேட்டர் கை தளர்ந்தால் திரையில் ஓடுகிறவனும் தளர்வான். வினாடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம், என்று சுற்றினால் 1,000 அடி ரீல் சுமார் 17 நிமிடம் ஓடும். ஒரே கருவி என்றால் ரீல் மாற்றும்வரை கூட்டம் காத்திருக்கும்.

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் பேச ஆரம்பித்தது. கதை சொன்னவர்களின் வேலை மெல்லப் போய்விட்டது. நடிகர்களைக் கொண்டாடும் நாம் அவர்களை மறந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.