பொருளியல் பி.எச்டி.: முதல் வருடம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

எம்.ஏ. பொருளியல் முடித்திருக்கிறேன். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருடத்துக்குக் கட்டண விலக்கும் ஸ்டைபண்டும் (வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை) உண்டு. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். கணக்கில் வகையிடலும் அணிகளும் மட்டும்தான் தெரியும். முதல் வருட முடிவில் பிரிலிம் தேர்வில் தவறினால் அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு சீனியர் சொன்னதிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. மீதமிருக்கும் மூன்று மாதத்தில் எதைப் படிப்பது? ஆராய்ச்சித் தலைப்பை முடிவு செய்து பேராசிரியர் யாருக்காவது இப்போதே எழுத வேண்டுமா? கையில் எவ்வளவு பணம் கொண்டுபோக வேண்டும்?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

வாழ்த்துகள். தலைப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இப்போது யாருக்கும் எழுத வேண்டாம். வேதியியலிலும் உயிரியலிலும் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பதுபோல் பொருளியலில் எடுப்பதில்லை. துறையின் சேர்க்கைக் குழு மொத்தமாக எடுக்கிறது. முதல் வருடம் எல்லாருக்கும் ஒரே பாடம், இரண்டாம் வருடம் சிறப்புப் பாடங்கள். வழிகாட்டி அமைவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். விண்ணப்பத்தில் எழுதிய தலைப்பை அதற்குள் நீங்களே மாற்றியிருப்பீர்கள்.

பிரிலிம் பயத்துக்கு வருவோம். மைக்ரோ, மேக்ரோ இரண்டிலும் தேர்வு உண்டு, சில துறைகளில் எகனாமெட்ரிக்ஸிலும் (பொருளியல் தரவுகளுக்கான புள்ளியியல்). ஒவ்வொன்றும் மூன்று நான்கு மணி நேரம். கோடைத் தொடக்கத்தில் எழுதித் தவறினால், பல இடங்களில் ஆகஸ்ட் வாக்கில் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். அதிலும் தவறினால்தான் முதுகலைப் பட்டத்துடன் வெளியேற வேண்டிவரும். பாட மதிப்பெண் நன்றாக இருந்தால் தேர்வே வேண்டாம் என்று விலக்குத் தரும் துறைகளும் உண்டு. உங்கள் துறையின் விதி அவர்களுடைய மாணவர் கையேட்டில் எழுத்தில் இருக்கும். எத்தனை வாய்ப்பு, எந்த மதிப்பெண்ணுக்கு விலக்கு என்ற இரண்டை மட்டும் அதில் தேடிப் படியுங்கள். சீனியர் சொன்னது வேறு துறையின் கதையாக இருக்கலாம்.

நம் எம்.ஏ.வில் படித்தவர்கள் அங்கே தடுமாறுவது பொருளியல் தெரியாததால் அல்ல. இங்கே விளக்குக, விவாதிக்க என்று கேட்பார்கள். அங்கே நிறுவுக என்று கேட்பார்கள். ஓர் உதாரணம் பாருங்கள். விலைகள் எல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேல். நுகர்வோரின் விருப்பம் ஸ்ட்ரிக்ட்லி கான்வெக்ஸ், அதாவது அவருக்குச் சமமாகப் பிடித்த இரண்டு வெவ்வேறு பொருள் கூடைகளைக் கலந்தால் கலவை இரண்டையும்விட மேலானது. அவருக்குச் சிறந்த கூடை ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று நிறுவ வேண்டும். நம் பழக்கத்தில் கை தானாகவே சமநோக்கு வளைகோட்டை வரையும், பட்ஜெட் கோடு அதைத் தொடும் புள்ளியைக் குறிக்கும், 'ஆகவே ஒன்றுதான்' என்று எழுதும். அதற்கு மதிப்பெண் அநேகமாகக் கிடைக்காது.

விடை இப்படிப் போக வேண்டும். அ, ஆ என்ற இரண்டு வெவ்வேறு கூடைகளும் சிறந்தவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தனித்தனியே வாங்கக் காசு போதும் என்றால், இரண்டிலும் பாதிப் பாதி எடுத்த கூடைக்கும் போதும். ஆனால் அந்தக் கூடை அ-வைவிட மேலானது. ஆகவே அ சிறந்தது என்ற தொடக்கமே பொய். படம் தேவையில்லை, பொருள்கள் இரண்டா இருநூறா என்ற கவலையும் இல்லை.

இதோடு விட மாட்டார்கள். சிறந்த கூடை ஒன்றாவது இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அடுத்த பகுதியில் கேட்பார்கள். பயன்பாட்டுச் சார்பு தொடர்ச்சியானது, வாங்கக்கூடிய கூடைகளின் கணம் மூடியது, வரம்புள்ளது. அதனால் உச்சம் உண்டு. ஒரு பொருளின் விலை பூஜ்ஜியமானால் அதை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளலாம், வரம்பு போய்விடும், உத்தரவாதமும் போய்விடும். 'விலைகள் எல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேல்' என்ற சொற்கள் கேள்வியில் ஏன் இருந்தன என்பது அங்கே தெரியும். ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் வேலை செய்கிறது என்று கேட்டுக் கேட்டுப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஆகவே மூன்று மாதத்தில் பெரும்பகுதியை ரியல் அனாலிசிஸுக்கு, அதாவது வகையிடலின் அடிப்படைகளை நிறுவும் கணிதத்துக்குக் கொடுங்கள். தொடர்வரிசை, ஒருங்கல், திறந்த கணம், மூடிய கணம், காம்பேக்ட் கணம், தொடர்ச்சி. அடுத்தது கட்டுப்பாடுகளுக்குள் உச்சம் காண உதவும் குன்–டக்கர் நிபந்தனைகளும், விலை போன்ற ஓர் அளவு மாறினால் உச்ச மதிப்பு எப்படி மாறும் என்று சொல்லும் என்வலப் தேற்றமும். பிறகு ஐகன் மதிப்பு, ப்ரொஜெக்ஷன், நிபந்தனைக்குட்பட்ட எதிர்பார்ப்பு, மைய எல்லைத் தேற்றம். வகுப்புக்கு முன் நடக்கும் மேத் கேம்ப்பில் இவையெல்லாம் இரண்டு மூன்று வாரத்தில் ஓடும். முதல் அறிமுகமே அங்கே என்றால் மூச்சு முட்டும். மைக்ரோவுக்குப் பரவலாக வைக்கப்படும் பாடநூல் மாஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் 1995-இல் வெளியிட்டது. அதன் கணிதப் பின்னிணைப்பையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் மட்டும் பாருங்கள். நிறுவலைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வராதது இன்னும் தெரியாதது.

மேக்ரோவில் எம்.ஏ.வில் பார்த்த ஐ.எஸ்.–எல்.எம். வளைகோடுகள் வராது, காலம் காலமாக நீளும் முடிவுகளை இன்று, நாளை என்று பிரித்துத் தீர்க்கும் பெல்மன் சமன்பாடு வரும். அதைக் கணினியில் தீர்க்கவும் சொல்வார்கள், பைத்தானோ மேட்லாபோ ஜூலியாவோ ஏதாவது ஒன்றில் லூப் எழுதத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

போன பிறகு வாராவாரம் ப்ராப்ளம் செட் வரும். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து செய்யுங்கள். ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் தனியாக முட்டிப் பார்த்த பிறகே கூடுங்கள். குழுவில் கணிதப் பட்டதாரி ஒருவராவது இருப்பது நல்லது. நம் ஊர்க்காரர்கள் மட்டுமே ஒரு மேசையில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை இருக்கும். முந்தைய வருட விடைத்தாள்கள் கைக்குக் கைமாறி வரும். அதைப் பார்த்து எழுதியவர்கள் ப்ராப்ளம் செட்டில் முழு மதிப்பெண் வாங்கி நடுப்பருவத் தேர்வில் சரிவதுதான் வழக்கம். பேராசிரியரின் ஆபீஸ் ஹவருக்குப் போக நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். அந்த நேரம் மாணவர்களுக்காகவே ஒதுக்கியது. எந்த வரியில் நின்றுபோனது என்று தாளோடு போய்க் காட்டுங்கள்.

பணம். முதல் ஸ்டைபண்ட் செப்டம்பர் கடைசியில் வரலாம், அக்டோபருக்கும் தள்ளிப்போகலாம். அதற்குள் முதல் மாத வாடகை, பெரும்பாலும் அதே அளவு முன்பணம், சாமான், சாப்பாடு எல்லாம் உண்டு. மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டைபண்ட் ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டுக்கா என்று துறை அலுவலகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். 27,000 டாலர் என்றால் ஒன்பது மாதத்துக்கு மாதம் 3,000; அதையே கோடைக்கும் நீட்ட வேண்டியிருந்தால் 2,250. மாணவர் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் உங்கள் தலையில் விழுமா என்றும் கேளுங்கள். பல் வைத்தியத்தையும் மூக்குக் கண்ணாடியையும் திருச்சியிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மாணவர் காப்பீட்டில் இவை பெரும்பாலும் சேராது.

முதல் வருடப் பணம் ஃபெலோஷிப்பாக வந்தால், எஃப்-1 (மாணவர் விசா) மாணவர்களுக்கு வழக்கமாக 14 சதவீத வரி பிடிப்பார்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 15-க்குள் வெளிநாட்டவருக்கான 1040-என்.ஆர். வருமானவரிப் படிவம் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவால் இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் வரியில்லாமல் கழிக்கும் நிலையான தொகை) உண்டு, அதை மறவாமல் கோருங்கள். உள்ளூர் நண்பர்களைப் பார்த்து அவர்கள் போடும் 1040 படிவத்தைப் போட்டுவிடாதீர்கள். 8843 படிவம் வருமானம் இல்லாவிட்டாலும் கட்டாயம். கற்பித்தல் உதவியாளராகச் சம்பளம் வாங்கினால், முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள் பிடிக்கக் கூடாது. முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஐ-20, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்று. அதில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே விட மாட்டார்கள். மேத் கேம்ப் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, இடித்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள். அதே தாளில் படிப்புக்கான குறியீட்டு எண்ணும் இருக்கும். 45.0603 என்றால் எகனாமெட்ரிக்ஸ், அளவைசார் பொருளியல். இது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் சேரும், படிப்புக்குப் பின் 12 மாத வேலை அனுமதியோடு இன்னும் 24 மாத நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 45.0601 என்றால் பொதுப் பொருளியல், அதற்கு நீட்டிப்பு இல்லை. குறியீட்டைத் தனி மாணவருக்காக மாற்ற முடியாது. ஆனால் துறை மாற்றப்போகிறதா, மாற்றினால் பழைய மாணவர்களுக்கும் பொருந்துமா என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்