கேளுங்கள், சொல்கிறோம்: சதுர அலைச் சிக்கல்கள்

கேள்வி: ஆசிலோஸ்கோப்பில் (மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) சதுர அலையின் (இரண்டு மட்டங்களுக்கிடையே சட்டென்று தாவும் அலை) ஒவ்வொரு விளிம்பும் எகிறி, நடுங்கி, பிறகுதான் அடங்குகிறது. சர்க்யூட்டில் கோளாறா?

பதில்: முதலில் ஸ்கோப்பைச் சர்க்யூட்டோடு இணைக்கும் புரோபைச் சந்தேகப்படுங்கள். அதை 10எக்ஸில் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) வைத்து, ஸ்கோப்பின் முகப்பில் சோதனைக்கான சதுர அலை தரும் 1 கிலோஹெர்ட்ஸ் முனையில் மாட்டுங்கள். மூலை மழுங்கியிருந்தாலும் கொம்பு முளைத்திருந்தாலும் புரோபில் உள்ள டிரிம்மர் என்ற சிறு திருகை பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருப்பி, மேல்விளிம்பைத் தட்டையாக்குங்கள். 1எக்ஸில் இந்தத் திருகு வேலை செய்யாது. அங்கே திருப்பிக்கொண்டே இருப்பது வீண்.

அதன் பிறகும் நடுக்கம் இருந்தால், முதலைக் கிளிப் மாட்டிய கிரவுண்டு வயரைப் பாருங்கள். 15 செ.மீ. வயரின் இண்டக்டன்ஸ் சுமார் 150 நானோஹென்றி. புரோப் முனையின் 10 பிகோஃபாரடோடு சேர்ந்தால் அது 130 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் ஒலிக்கிற மணி. வேகமான விளிம்புதான் அதை அடிக்கும் சுத்தியல். கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோபோடு வரும் குட்டி ஸ்பிரிங்கை முனையருகே மாட்டி, பக்கத்து கிரவுண்டில் தொட்டுப் பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் சர்க்யூட்டின் மேல் பழியில்லை. போகவில்லையா? ஐசியின் சப்ளை பின்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்புட்டிலிருந்து நீள வயர் போனால், அது புறப்படும் இடத்திலேயே 33 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போடுங்கள்.

கேள்வி: 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 10 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை, சைன் அலை மாதிரி தெரிகிறதே?

பதில்: அப்படித்தான் தெரியும். சதுர அலை என்பது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 3, 5, 7 மடங்குகள் முறையே மூன்றில், ஐந்தில், ஏழில் ஒரு பங்கு உயரத்தில் சேர்ந்த கூட்டு. உங்கள் அலையின் மூன்றாம் மடங்கே 30 மெகாஹெர்ட்ஸ். ஸ்கோப் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. மூலைகளைப் பார்க்க 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வேண்டும்.

கேள்வி: 555 டைமர் ஐசியில் சதுர அலையின் மேல் பாதியும் கீழ் பாதியும் சமமாக வர என்ன வழி?

பதில்: வழக்கமான இணைப்பில் கெப்பாசிட்டர் நிரம்பும்போது இரண்டு ரெசிஸ்டர் வழியாகவும், காலியாகும்போது ஒன்றின் வழியாகவும் போகிறது. அதனால் மேல் பாதி எப்போதும் நீளம். சப்ளைக்கும் 7-ஆம் பின்னுக்கும் நடுவே 1 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கிலோ ஓம், கெப்பாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட் என்று போட்டால் ஏறக்குறைய 1050 ஹெர்ட்ஸில் மேல் பாதி 50.4 சதவீத நேரம் வரும். பலருக்கு இதுவே போதும். இன்னும் சரியாக வரட்டும் என்று அந்த 1 கிலோ ஓமையும் எடுத்துவிட்டு 7-ஆம் பின்னை நேரே சப்ளையில் இணைத்துவிடாதீர்கள். 7-ஆம் பின் சப்ளையை நேரே கிரவுண்டுக்கு இழுத்து ஐசி போய்விடும்.

துல்லியமாக வேண்டுமென்றால் 68-க்குப் பதில் 33 கிலோ ஓம் போட்டு அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி, 4013 ஃபிளிப்ஃபிளாப்பின் கிளாக்கில் கொடுங்கள். அதன் க்யூ பார் பின்னை (தலைகீழ் அவுட்புட்) டி பின்னில் (இன்புட்) இணைத்தால் பாதி அதிர்வெண்ணில் சரிபாதி அலை வரும். செட், ரீசெட் இரண்டையும் கிரவுண்டு செய்ய மறக்கவேண்டாம். 'அவுட்புட் அப்படியே நிற்கிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் தொங்கவிட்ட இந்தப் பின்கள்தான். அதே ஐசியில் பயன்படாத இரண்டாவது ஃபிளிப்ஃபிளாப்பின் இன்புட்டுகளும் கிரவுண்டுக்குப் போகட்டும்.

கேள்வி: 0–5 வோல்ட், 100 ஹெர்ட்ஸ் சதுர அலையை மல்டிமீட்டர் ஏசியில் 2.78 என்று காட்டுகிறது. மீட்டர் தவறா?

பதில்: மீட்டர் சைன் அலைக்கென்று அளவு திருத்தப்பட்டது. டிசியைத் தள்ளிவிட்டு, மீதமுள்ள ±2.5 வோல்ட்டின் சராசரியை (கூட்டல், கழித்தல் குறி பார்க்காமல்) 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அலை எந்த வடிவமானாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் 2.5 காட்டும்.