ஸ்னேரை அடித்தால் டாமும் சேர்ந்து ஒலிக்கிறதா?

எலக்ட்ரானிக் டிரம் செட்: ஒரே இரும்புச் சட்டத்தில் ஸ்னேர், டாம் என டிரம்களுக்குப் பதிலாகத் தட்டும் நான்கு பேட், அடிகளைப் படிக்க ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோலர் பலகை. ஸ்னேரைத் தட்டினால் பக்கத்து டாமும் ஒலிக்கிறது, சில அடிகள் இரட்டையாக விழுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

முதலில் டாம் பேடைக் கழற்றி, வயரை எடுக்காமல், தலையணை மேல் வைத்துவிட்டு ஸ்னேரை அடியுங்கள். டாம் அடங்கிவிட்டால் அதிர்வு சட்டம் வழியாகத்தான் போகிறது. பேடுக்கும் கிளாம்புக்கும் நடுவே தடித்த ரப்பர் வாஷர் போடுங்கள். போல்ட்டை வெறித்தனமாக முறுக்க வேண்டாம். நசுங்கிய ரப்பரும் இரும்பும் ஒன்றுதான்.

அப்போதும் ஒலித்தால் கோளாறு சர்க்யூட்டில். ஊனோவில் பேட் வயர்கள் சேரும் ஆறு அனலாக் பின்களுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஏடிசி, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி. முந்தைய பின்னின் வோல்டேஜ் அடுத்ததில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு பின்னையும் இரண்டு தடவை படித்து, முதல் எண்ணைத் தூக்கிப் போடுங்கள். பேடுக்குள் அடியை வோல்டேஜாக்கும் சென்சாரான ஒவ்வொரு பியசோவுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சார்ஜ் வடியாமல் தேங்கும். கூடவே, வோல்டேஜ் எல்லை மீறாமல் பின்னைக் காக்க 5.1 வோல்ட் ஜீனர் டையோடு: கோடு போட்ட முனை அனலாக் பின்னில், மறுமுனை கிரவுண்டில். பலமான அடியில் பியசோ 5 வோல்ட்டைச் சாதாரணமாகத் தாண்டும்.

இரட்டை அடி நிரலில் தீரும். த்ரெஷோல்டை, அதாவது அடி என்று எண்ண வேண்டிய குறைந்தபட்ச அளவை, தாண்டியதும் 2 மில்லிவிநாடி உச்ச மதிப்பைத் தேடுங்கள். பிறகு 30 மில்லிவிநாடி அந்தப் பேடைக் கண்டுகொள்ளாதீர்கள். அது 80ஐத் தொட்டால் வேகமான ரோலில் (இடைவிடாத தொடர் அடியில்) நிஜ அடிகளும் காணாமல் போகும்.