வண்டியை விட்டு இறங்குங்கள்

அன்புள்ள ஐயா,

எட்மன்டனில் வசிக்கிறேன். இரண்டு கோடைகளாக ஆல்பர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் உள்ள பொது கோல்ஃப் மைதானங்களில் ஆடி, ஒவ்வொன்றைப் பற்றியும் தமிழில் சிறு விமர்சனம் எழுதி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போடுகிறேன். ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று கொடுப்பேன். எங்கள் ஊர் விக்டோரியா மைதானத்துக்கு மே மாதத்தில் இரண்டு கொடுத்தேன், குழுவில் ஒரே சண்டை. கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, மேடும் பள்ளமுமாக இருந்தது, இருந்ததைத்தான் எழுதினேன். மலை ரிசார்ட்டையும் நகராட்சி மைதானத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா? ஒரு நண்பர், ‘பணக்காரன் ஆட்டத்துக்குத் தமிழில் விமர்சனம் ஒரு கேடா’ என்கிறார். கடைசியாக ஒன்று: அடுத்த கோடையில் பான்ஃப், ஜாஸ்பர் என்ற மலை மைதானங்கள் இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கும். எதற்குப் போகலாம்? விமர்சனங்களை இணைத்திருக்கிறேன்.

ச.

*

அன்புள்ள ச.,

நண்பரோடு வாதாடாதீர்கள். சஸ்காட்சவனின் கோதுமை வயல்களுக்கு நடுவே ஏதாவது ஒரு சிற்றூருக்கு அவரைக் கூட்டிப் போங்கள். கிரீனில் புல் வளர்க்கத் தண்ணீரும் காசும் இல்லாத ஊர்கள் அங்கே உண்டு. எண்ணெய் கலந்த மணலைத் தட்டிக் கெட்டியாக்கி அதையே கிரீனாக வைத்திருப்பார்கள். பந்தை உருட்டுவதற்கு முன் அது போகும் வழியை நீங்களே ஒரு கட்டையை இழுத்துச் சமப்படுத்த வேண்டும். கட்டணத்தை வாங்க ஆள் இல்லாத இடங்களில் ஒரு பெட்டி இருக்கும், அதில் போட்டுவிட்டு ஆடலாம். ஆடுகிறவர்களைப் பார்த்த பிறகு நண்பர் பேசட்டும்.

நட்சத்திரக் கேள்வியையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மே மாதம் எட்மன்டனில் கிரீன் எப்படி இருக்கும் என்று நினைத்தீர்கள்? மாதக்கணக்கில் பனிக்கும் பனிக்கட்டிக்கும் அடியில் மூச்சுமுட்டிக் கிடந்த புல் அது. பனி உருகியதும் பூஞ்சை பிடித்த திட்டுகள் தெரியும். அப்புறம் மண்ணுக்குக் காற்றுப் போக வரிசையாக ஓட்டை போட்டு மணல் தூவுவார்கள், ஆறினால்தான் பந்து நேராக ஓடும். இதற்குப் போய் இரண்டு நட்சத்திரம் என்பது, காய்ச்சலில் கிடக்கிறவளைப் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று எழுந்து வருவதைப் போன்றது. ஜூலையில் மறுபடி போய்ப் பாருங்கள்.

உங்கள் விமர்சனங்களில் என்னை உறுத்தியது வேறு. மைதானத்துக்குள் ஆட்டக்காரர் ஏறிப் போகும் கோல்ஃப் வண்டி. ஒன்றில் ‘வண்டியில் ஜிபிஎஸ் திரை அருமை’ என்கிறீர்கள். இன்னொன்றில் ‘வண்டிப் பாதை நல்ல அகலம்’. விக்டோரியாவுக்கு ‘வண்டி பழசு’ என்று தனியாக ஒரு வரியே இருக்கிறது. ஐயா, நீங்கள் எழுதியிருப்பது வாகன விமர்சனம். எந்த மைதானத்திலும் நீங்கள் நடக்கவே இல்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. நடக்காதவருக்கு நட்சத்திரம் கொடுக்க உரிமை இல்லை என்பது என் கட்சி. உடம்பு முடியாதவர்களை நான் சொல்லவில்லை. உங்களுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

மைதானத்தை வடிவமைக்கிறவரின் திறமையில் பாதி, ஒரு கிரீனை முடித்தவரை அடுத்த டீக்கு, அதாவது அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் மேடைக்கு, எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்பதில் இருக்கிறது. மைதான வடிவமைப்பாளர் ஸ்டான்லி தாம்சன் ஜாஸ்பர் மைதானத்தை 1925இலும் பான்ஃபை 1928இலும் முடித்தபோது கோல்ஃப் வண்டி என்ற ஒன்றே வழக்கத்தில் இல்லை. மனிதன் நடப்பான் என்று நம்பிப் போட்ட மைதானங்கள் அவை. கிரீனை விட்டு இறங்கிச் சில அடி வைத்தால் அடுத்த டீ வந்துவிடும். நடந்து வருகிறவனின் கண்ணில் எந்த இடத்தில் எந்த மலை விழ வேண்டும் என்றுகூட யோசித்திருக்கிறார். பிற்காலத்தில் சரிவுகளில் போட்ட ரிசார்ட் மைதானங்களில் இந்தக் கவலை போய்விட்டது. வண்டிதான் இருக்கிறதே, அரை மைல் ஏறினால் என்ன! பிரிட்டிஷ் கொலம்பியாவின் பேனரமாவில் கிரேவுல்ஃப் மைதானத்தின் ஆறாவது குழியில் (டீயிலிருந்து கிரீன்வரை உள்ள ஒரு கட்டத்தைத்தான் குழி என்கிறோம்) பள்ளத்தாக்கைத் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டும். படத்தில் பார்த்தாலே அடிவயிறு கலங்கும். உங்கள் விமர்சனத்திலும் அந்தப் படம் இருக்கிறது. அதற்கு முந்தைய குழிக்கும் அதற்கும் நடுவே என்ன இருக்கிறது என்று ஒரு சொல் இல்லை.

பான்ஃபிலும் ஒரு கொடுமை நடந்தது. முதல் டீ விடுதிக்குக் கீழே, ஸ்பிரே ஆற்றைத் தாண்டி அடிக்கும்படி இருந்தது. 1989இல் புதிய கிளப் ஹவுஸ் வந்தபோது வரிசையை மாற்றி அந்தத் தொடக்கத்தைப் பதினைந்தாவது குழியாக்கிவிட்டார்கள். எட்டாவதாக வந்துகொண்டிருந்த ‘டெவில்ஸ் கால்ட்ரன்’ என்ற பேர்பெற்ற குழி இப்போது நாலாவது. ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் உச்சம் வந்து போய்விடுகிறது. நடந்தால் இது காலுக்கே தெரியும். வண்டியில் உட்கார்ந்தவருக்கு எட்டு என்ன, நாலு என்ன.

கால்கரிக்கு வந்த புதிதில் நான் ஷாகனாப்பி பாயின்டுக்குத் தனியாகத்தான் போவேன். நகராட்சி மைதானம், நூறாண்டைக் கடந்தது. இன்று அதன் பெயரிலேயே ஒரு ரயில் நிறுத்தம் உண்டு, 2012இல் வந்தது. அன்று கோல்ஃப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினால் ஓட்டுநர் ஒரு மாதிரி பார்ப்பார். தனியாக வருகிறவனை, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் ஏதாவது மூன்று பேரோடு சேர்த்துவிடுவார். அப்படி ஒருநாள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவரோடு சேர்ந்தேன். கிரீனில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று நான் குனிந்து குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “ஆறு எங்கே இருக்கிறது என்று பார் தம்பி” என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ‘போ’ (Bow) என்ற ஆறு கீழே ஓடுகிறது, பந்தும் அந்தப் பக்கமே சாய்ந்தது. என் வேலையை, விசாவை, ஊரை ஒன்றையும் அவர் கேட்கவில்லை. நாலு மணி நேரம் கூடவே நடந்தார், தெர்மோஸிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த நகரத்தில் வேலை விஷயம் இல்லாமல் என்னோடு பேசிய முதல் மனிதர் அவர். வண்டியில் போயிருந்தால் அவர் வேறொருவரோடு வேறொரு வண்டியில், டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வெளியின் மறுபக்கத்தில் போயிருப்பார். நாலு பேரை இரண்டு இரண்டாக வெட்டிவிடும் சாமான் அது.

பொது மைதானத்துக்கு விமர்சனம் எழுதினால் இதை எழுதுங்கள்: தனியாக வந்தவனை எப்படி வரவேற்கிறார்கள், மட்டை பிடிக்கத் தெரியாத பிள்ளையை, ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷல் விரட்டுகிறாரா, மாலைக் கட்டணம் எவ்வளவு, ஜூன் வெளிச்சத்தில் எத்தனை குழி ஆட முடிகிறது. கனனாஸ்கிஸ் மைதானம் மாகாண அரசின் சொத்து. 2013 வெள்ளத்தில் நாசமாகி 2018இல்தான் மறுபடி திறந்தது. ஆல்பர்ட்டாக்காரருக்கு அங்கே சலுகைக் கட்டணம் உண்டு. நீங்கள் அதற்கு நாலரை கொடுத்திருக்கிறீர்கள், சலுகையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சரி, பான்ஃபா ஜாஸ்பரா? ஜாஸ்பர். வரிசை தாம்சன் போட்டபடியே ஓடுகிறது, ஒன்பதாவது குழி நேராகப் பிரமிட் மலையைப் பார்த்து இறங்குகிறது. அங்கும் வண்டி எடுத்தீர்கள் என்று தெரிந்தால் அடுத்த கடிதத்துக்குப் பதில் வராது. இன்னொன்று. விக்டோரியாவில் கிரீன் மேடுபள்ளம் என்றீர்களே, உங்கள் பந்து விழுந்த தழும்பைக் குனிந்து சரிசெய்தீர்களா? அதற்கென்று இரண்டு முனையுள்ள சின்னக் கருவி எந்தக் கடையிலும் கிடைக்கும். வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.